நான் வெட்டிய வரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாயும் கொஞ்சம் நீளம். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு காலத்தில் எனக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தன. கடித்துக் குதறுவாள், ஆனால் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முதலாம் வருடப் பிள்ளைகள் என்னைப் பற்றிக் கதைப்பார்களாம். அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போய்த் திரிந்தேன். இப்போது அந்தப் பெயரை நினைத்தால் முகத்தைக் கழுவ வேண்டும் போல் இருக்கிறது.

உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா படித்தேன். பெயர் இங்கே வேண்டாம். இரண்டாம் வருடத்தில், எழுத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் என்று நூலகத்தின் கடைசி மூலையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, மூன்று கதிரை, சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு மின்விசிறி. முதலாம் வருடப் பிள்ளைகள் ஒப்படையோ விண்ணப்பமோ கடிதமோ எதை எழுதினாலும் கொண்டுவந்து காட்டலாம். நான் பார்த்து, எப்படிச் சீராக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் தமிழ் மிஸ் தொடங்கி வைத்த ஏற்பாடு அது. அவ போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்.

"நீர் எழுதிக் குடுக்கக் கூடாது. கேள்வி கேளும். எழுதிறது அவையின்ர கை."

இந்தச் சட்டத்தை நான் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினேன். ஒருவருக்கும் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. வெட்டுவதற்கு மட்டும் சட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கட்டுரைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பற்றி எழுதினாலும் முதலில் சூரியன் உதிக்க வேண்டும். சேவல் கூவ வேண்டும், தென்றல் வீச வேண்டும், தூரத்தில் ஆலயமணி ஒலிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டெங்கு நுளம்பு வரும். பதின்மூன்று வருடம் இப்படி எழுதிப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் என் மேசைக்கு வரும்போது எதைத் தொட்டாலும் பூ வைத்து, பொட்டு வைத்துத்தான் கொண்டுவருவார்கள். கிண்ணியாவிலிருந்து வந்து படித்த ஒருவன், காய்ச்சலுக்கு லீவு கேட்டு எழுதிய கடிதத்தில் மழையை அரைப் பக்கத்துக்கு வர்ணித்திருந்தான்.

"தம்பி, காய்ச்சல் உமக்கோ வானத்துக்கோ?" என்று கேட்டேன்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிவப்புப் பேனையால் மழையை வெட்டினேன். கடிதம் நாலு வரிக்கு வந்தது. அன்றைக்கே லீவு கிடைத்தது. இப்படித்தான் எனக்கு 'கத்தரிக்கோல் அக்கா' என்று பட்டம் வந்தது. என் காது படவே கூப்பிடுவார்கள். பிடித்திருந்தது.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தேன். அது முழுக்க என்னுடைய கண்டுபிடிப்பு. புதுப் பிரதியை எழுதி முடித்ததும் பழைய தாளை அவர்களையே கிழிக்கச் சொல்வேன். பழையது கையில் இருந்தால் மனம் அதற்கே திரும்பிப் போகும், போனால் வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டுவார்கள் என்பது என் வாதம். சிலருக்கு அது விளையாட்டு. சிலருக்கு நெஞ்சு வராது. வராதவர்களை நான் விடமாட்டேன். மேசைக்குக் கீழே இருந்த கூடை ஒவ்வொரு நாளும் நிறையும். வாரத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுபோய்ப் பின்னால் எரித்துவிடுவார்கள்.

அந்த வருடம் புதுப் பிள்ளைகளைப் படுத்துகிற பகிடிவதை மோசமாக இருந்தது. செய்தவர்கள் என்னுடைய வருடத்துப் பிள்ளைகள். நான் அதற்குப் போவதில்லை. போகவில்லை என்பதை ஒரு பெரிய தகுதியாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் என் சிநேகிதி போவாள். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவள் வீடு. பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டிலிருந்து ஒரே வகுப்பு. கல்லூரிக்கு அவளுடைய ஸ்கூட்டியில்தான் இரண்டு பேரும் போய் வருவோம். "சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போறனான்" என்பாள். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயம்.

ஒரு திங்கட்கிழமை காலை, சாம்பல்தீவிலிருந்து வருகிற முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். மெலிந்த பிள்ளை. வலது காதில் பஞ்சு வைத்திருந்தாள். வந்தவள் எனக்கு முன்னால் இருந்த கதிரையில் இருக்காமல், அதை இழுத்து எனக்கு வலப் பக்கமாகப் போட்டு, இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முறைப்பாடு ஒண்டு எழுத வேணும் அக்கா. கைப்பட எழுதித் தரச் சொல்லினம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்க வேணுமாம்."

நடந்ததைச் சொன்னாள். போன வாரம் பின்னேரம், கன்டீனுக்குப் பின்னால் இருக்கும் பாவிக்காத களஞ்சிய அறைக்கு ஐந்து பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரவர் சாலாலேயே கண்ணைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். முழங்காலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இவளுக்குக் குரல் எழும்பவில்லை. சத்தமாய்ச் சொல்லு, சத்தமாய்ச் சொல்லு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு யாரோ ஒருத்தி காதைப் பொத்தி அறைந்திருக்கிறாள். இரத்தம் வந்தது. ஆசுபத்திரியில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். அந்தக் காது பழையபடி கேட்குமா என்பதை இப்போது சொல்ல ஏலாது என்றார்களாம்.

"மற்ற நாலு பேரும்?" என்று கேட்டேன்.

"அவையள் வரமாட்டினமாம். நான் மட்டும்தான்."

"அடிச்சது ஆரெண்டு தெரியுமா?"

"கண் கட்டியிருந்தது அக்கா." காதுப் பஞ்சைச் சரிசெய்தாள். "அப்பா சொல்லீட்டார். அடிச்சது ஆரெண்டு பிடிச்சு நிப்பாட்டினால் நீ போய்ப் படி, இல்லாட்டிப் படிச்சது காணும் எண்டு. ஆரெண்டு தெரியாமல் அதே வாசலால போய் வர என்னாலயும் ஏலாது."

எங்கள் வகுப்புப் பிள்ளைகள்தான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்த வருடம் முழுக்க நான் பட்ட கோபங்களில் சரியான கோபம் அது ஒன்றுதான். இந்த முறைப்பாட்டை ஒருவரும் தட்டிக் கழிக்க முடியாதபடி எழுத வைப்பேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன்.

அவள் ஏற்கெனவே கொப்பித் தாளில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தாள். உருண்டை உருண்டையான எழுத்து. வாசித்தேன். அன்று வானம் மூடிக் கிடந்தது என்று தொடங்கியது. கன்டீனில் வடை பொரிக்கும் மணம் வந்ததும், தன் செருப்பு வார் அறுந்திருந்ததும், களஞ்சியத்துக்குள் சாக்கு மணத்ததும் எல்லாம் இருந்தது. நான் பேனையை எடுத்தேன். வானத்தை வெட்டினேன். வடையை வெட்டினேன். செருப்பை வெட்டினேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: 'அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு சிறிய மணி கிணுகிணுத்தது, அடித்த பிறகும் கிணுகிணுத்தது.'

"இதென்ன மணி? கோயில் மணியோ?"

"இல்லை அக்கா. கிட்டக் கேட்டது. சின்னச் சத்தம்."

"அது என்னத்துக்கு இதுக்குள்ள?"

"தெரியேலை. கேட்டது, எழுதினனான்."

"கேட்டதெல்லாம் எழுதத் தேவையில்லை. நடந்ததை எழுதும். விசாரிக்கிறவை உம்மட கட்டுரைக்குப் புள்ளி போட வரேல்லை."

தலையாட்டினாள். நான் அந்த வரியின் மேல் பேனையை இழுத்தேன். ஆலயமணி ஒலித்தது, சேவல் கூவியது என்று நூறு கட்டுரையில் வெட்டிய கை அது. இந்த மணியையும் அந்த மணிகளோடு சேர்த்து வெட்டியது. அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் புதுத் தாளில் எழுதினாள். நேரம், இடம், எத்தனை பேர், என்ன சொன்னார்கள், எந்தக் காது, எந்த ஆசுபத்திரி. ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. வாசித்துப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை என்று நினைத்தேன்.

"இனிப் பழசைக் கிழியும்."

"இதை வைச்சிருக்கட்டா அக்கா?"

"கிழியும் எண்டால் கிழியும்."

மூன்று தாளையும் ஒன்றாக வைத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். போன் அவள் பையில்தான் இருந்தது. படம் எடுத்து வைக்கலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எழுந்து போகும்போது, "மெத்தப் பெரிய உதவி அக்கா" என்றாள்.

விசாரணைக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் குறித்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு மத்தியானம், நூலகப் படிக்கட்டில் நின்று அவள் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள். விசாரணையில் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், கூட்டிக் குறைக்க வேண்டாம் என்று நான் பெரிய மனுசியாக விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது என் சிநேகிதி ஸ்கூட்டியைக் கீழே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடப் படியேறி வந்தாள். தோளில் பை. பையின் சிப்பில் ஒரு சின்ன வெண்கல மணி. கோயிலடிக் கடையில் நானும் கூட நின்று வாங்கியது. ஒவ்வொரு படிக்கும் அது கிணுங்கியது.

சாம்பல்தீவுப் பிள்ளை கதையை அரைவாசியில் நிறுத்தினாள். இடது காதைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினாள். பிறகு பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப் போய்விட்டது. சுவரோரமாக இறங்கிப் போனாள்.

"உவவுக்கு என்னவாம்?" என்று சிநேகிதி கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க ஸ்கூட்டியில் அவள் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் அந்தப் பை இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் மணி கேட்டது. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் கேட்ட சத்தம். கேட்டுக் கேட்டு அது காதில் விழாத சத்தமாகிப் போயிருந்தது. அந்த வரியை வெட்டும்போது எனக்கு இது தெரியுமா? தெரியாது என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் சத்தியம் பண்ணும்போதெல்லாம் ஒரு கேள்வி நிற்கும். வடையை வெட்டும்போது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செருப்பை வெட்டும்போதும் கேட்கவில்லை. மணிக்கு மட்டும் ஏன் அத்தனை கேள்வி கேட்டேன்?

அடுத்த நாள் சிநேகிதியின் பையில் மணி இல்லை. கட்டியிருந்த நூலின் துண்டு மட்டும் சிப்பில் தொங்கியது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வழமை போல இரண்டு பேரும் போய் வந்தோம்.

விசாரணை நாளில் பதினொரு மணியளவில் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தமிழ் மிஸ். சாம்பல்தீவுப் பிள்ளை மேசையின் ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். நான் வந்ததும் கதிரையைக் கொஞ்சம் திருப்பி, கேட்கிற காதை என் பக்கம் வைத்தாள்.

நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்தபடி சொன்னார்.

"இவ இண்டைக்குப் புதுசா ஒரு விசயம் சொல்லுறா. அடிச்ச ஆளிட்ட ஒரு மணிச் சத்தம் கேட்டதாம், அந்த மணி ஆரிட்ட இருக்கெண்டும் தெரியுமாம். ஒரு பிள்ளையின்ர பேரும் சொல்லுறா. ஆனால் எழுத்தில குடுத்த முறைப்பாட்டில மணியும் இல்லை, ஒண்டும் இல்லை. கேட்டால், முதல் எழுதினதில இருந்தது, நீங்கள் வெட்டச் சொன்னீங்கள் எண்டுறா. அப்பிடியா?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஓம், இருந்தது, நான்தான் வெட்டினேன், கிழிக்கச் சொன்னதும் நான்தான். அவ்வளவுதான். சொன்னால் சிநேகிதியின் படிப்புப் போகும். முதலாம் ஆண்டிலிருந்து எனக்கு அடி விழுந்த இடத்திலெல்லாம் முன்னுக்கு வந்து நின்றவள் அவள். சொன்னால் மேசையும் போகும், என் பெயரும் போகும். முறைப்பாட்டில் கைவைத்தவள் என்று ஆகிவிடும். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் மனதில் ஓடியது. ஓடி முடிந்தபோது என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.

"ஒரு நாளைக்கு ஆறேழு பேரின்ர எழுத்துப் பார்க்கிறனான் சேர். ஆர் எதை எழுதினவை, நான் எதை வெட்டச் சொன்னனான் எண்டு நிச்சயமாச் சொல்ல ஏலாது."

ஒழுங்கான வாக்கியம். பொய் என்று ஒருவரும் பிடிக்க முடியாது. நடுவில் இருந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தமிழ் மிஸ் மட்டும் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"உமக்கு வடிவா ஞாபகம் இல்லையா?"

"இல்லை மிஸ்."

"அந்தத் தாள் எங்க?"

"கிழிச்சாச்சு மிஸ். அது வழமைதான்."

சாம்பல்தீவுப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், கூட்டிக் குறைக்க வேண்டாம் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அவள் பேசாமல் இருந்தாள்.

நாலு நாளில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். அடையாளம் நிரூபிக்கப்படவில்லை. இரண்டாம் வருட மாணவர் அனைவருக்கும் பொதுவாக எச்சரிக்கை. வாசித்துவிட்டுப் பிள்ளைகள் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது, எங்கள் ஊர் வீதிகளில் மாடு போலத் திரிகிற மான் கூட்டம் ஒன்று குறுக்கே நின்றது. சிநேகிதி ஸ்கூட்டியை நிறுத்தினாள். மான்கள் போகிற மாதிரித் தெரியவில்லை. அவள் திரும்பாமலே பேசினாள்.

"நீ செய்ததை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டனடி."

"நான் என்ன செய்தனான்?"

"என்னையும் கூப்பிட்டு விசாரிக்கேக்கதான் தெரிஞ்சுது. அங்க சொல்லாமல் விட்டனி. அதுக்கு முதலே அந்த வரியையும் வெட்டி விட்டனி. கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள்." கொஞ்சம் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "நான் வேணுமெண்டு அடிக்கேலை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிண்டவை. கை விசையாப் பட்டிட்டுது."

நான் இறங்கிவிட்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டாள். மான்களுக்கு நடுவால் நடந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அவளுக்காக நான் வேண்டுமென்றே வெட்டினேன் என்று அவள் நம்புகிறாள். நன்றியோடு நம்புகிறாள். அந்த மற்றப் பிள்ளையும் அதையேதான் நம்புவாள். உலகத்தில் இரண்டு பேருக்கு என்னைப் பற்றி ஒரே அபிப்பிராயம். அதை மறுக்க என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

நாளைக் காலை முதல் வேலையாகத் தமிழ் மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். காலை எட்டு மணிக்கே நூலகத்துக்கு வந்து என் மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். முதல் பிரதி அழுகையும் மன்னிப்புமாக இருந்தது. சரியில்லை என்று கிழித்தேன். இரண்டாவதில் சிநேகிதியைப் பற்றிய பகுதி நீண்டுவிட்டது. வெட்டினேன். மூன்றாவதில் நான் அறியாமல் செய்தேன் என்பதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. முதலில் வைத்தால் சாட்டுச் சொல்வது போல் இருந்தது, கடைசியில் வைத்தால் பொய் போல் இருந்தது. நாலாவது ஓரளவு சரியாக வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பத்து மணி. சீ, இவளெல்லாம் ஒரு மனுசியா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. எழுந்து ஐம்பது அடி நடந்தால் மிஸ்ஸின் அறை. வாயால் சொல்லியிருந்தால் எட்டு மணிக்கே முடிந்திருக்கும்.

அந்த நேரம் சாம்பல்தீவுப் பிள்ளை வந்தாள். கதிரையை வலப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காதில் இப்போது பஞ்சு இல்லை. ஒரு தாளை என் முன்னால் வைத்தாள்.

"ஒருக்காப் பார்த்துத் தாங்கோ அக்கா. பிழை இருக்கா எண்டு."

படிப்பை விட்டு விலகுவதாக அதிபருக்குக் கடிதம். மூன்று வரி. வானம் இல்லை, மேகம் இல்லை, காது இல்லை. சொந்தக் காரணங்களால் இன்றிலிருந்து விலகுகிறேன், தயவுசெய்து என் சான்றிதழ்களைத் திருப்பித் தரவும். வெட்டுவதற்கு ஒரு சொல் இருக்கவில்லை. இதைத்தான் நான் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"இதைக் குடுக்க வேண்டாம்" என்றேன். "நான் போய்ச் சொல்லப் போறன். மணி இருந்தது, நான்தான் வெட்டினனான் எண்டு. இஞ்ச பாரும், எழுதியும் வைச்சிருக்கிறன்."

என் தாளை எடுத்தாள். வாசிக்கவில்லை. எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அப்ப ஞாபகம் இருந்ததோ அக்கா?"

"இருந்தது."

"ஓம். இருந்திருக்கும் எண்டுதான் நானும் நினைச்சனான்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். "தெரிஞ்சுதான் வெட்டினீங்களோ?"

"இல்லை. சத்தியமா இல்லை."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது போன நாளிலிருந்து கதைக்கிறவர்களின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

"இப்பவே போறன்" என்று எழுந்தேன்.

"வேண்டாம் அக்கா. அப்பா வாசலில ஆட்டோவோட நிக்கிறார். நூலகப் புத்தகமெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. இனி நீங்கள் சொன்னாலும் நான் இஞ்ச வரமாட்டன். அவர் விடவும்மாட்டார். பிறகு ஏன் உங்களுக்கும் வில்லங்கம்?"

அவள் அப்படிச் சொன்னதும் என் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி இறங்கியது. வெட்கமில்லாத, பச்சையான நிம்மதி. எழுந்த நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த நாலாவது பிரதியை அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நொடியில் என் முகத்தில் அந்த நிம்மதி வந்ததை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை கண்டாள். மெல்லத் தலையாட்டினாள். பிறகு கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, என் பேனையை எடுத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். நான் விரலால் இடத்தைக் காட்டினேன்.